ஒருவழி

ஓசுர்கெத்தி பேருந்து நிலையத்தில்
மூன்றாம் சன்னல் என்னுடையது.
பதினோரு வருடமாய் ஊர்ப்பெயர்களை விற்கிறேன்:
பாதூமி, ஃபோத்தி, குத்தாயிசி.
எங்கும் போனதில்லை என்றால் பொய்.
பாதூமிக்கு ஒருமுறை, பல் பிடுங்க.

செவ்வாய், வியாழன் மாலைகளில்
உன் வகுப்பில் கடைசி பெஞ்சு.
'எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள்?'
இலக்கணத்துக்காகத்தான் கேட்டாய், டோனல்.
கொட்டை வியாபாரி வாஷா சிறையைச் சொன்னான்.
போலந்து வேலைக்கு மனுப்போட்ட நர்ஸ்
போலந்தையே சொன்னாள்;
காலம் தவறென்று சிவப்பு மையில் சுழித்தாய்.
என் முறை வந்தது.
பல் போன இடத்தைக் காட்டினேன்.

உனக்கு லாவோஸ், பெரு, எங்கோ ஒரு தீவு.
ஊருக்கு எட்டு மாதம்.
அதே புத்தகம், அதே நாற்பதாம் பக்கம்,
வெளியே மட்டும் வேறு மழை என்றாய்.
பெருமையா அலுப்பா என்று பிரித்தறிய
என் ஆங்கிலம் போதவில்லை.

இன்று காலை வரிசையில் நீ,
நனைந்த பாஸ்போர்ட்டைச் சட்டையில் துடைத்தபடி.
எங்கள் மொழியில், முதன்முதலாய், முழு வாக்கியம்:
'சார்ப்பி எல்லைக்கு ஒன்று கொடுங்கள்.'
வேற்றுமை உருபு பிசகியிருந்தது.
விட்டுவிட்டேன்.
'சிங்கிள் ஆர் ரிட்டர்ன்?'
நாற்பதாம் பக்கத்தில் உள்ளபடியே கேட்டேன்,
ஒரு சொல் சிந்தாமல்.

நீ கொஞ்சம் யோசித்தாய்.
ரகரத்தை உருட்டாதே, லம்சீரா, என்றாய்.

பின்னால் முட்டைக் கூடையோடு நின்ற சியாலா
யாராவது சீக்கிரம் போய்த்தொலையுங்கள்
என்று கத்தினாள்.