அவசர வழி

பகலில் பல் செய்கிறேன்.
ஒஸ்டர்முண்டிகனில், பேக்கரிக்கு மேலே ஓர் ஆய்வுகூடம்.
ஒரு மில்லிமீற்றரை நூறாய்ப் பகுத்து
அதில் மூன்று கூடினாலும்
ஆருடைய நாக்கோ அதைக் கண்டுபிடித்துவிடும்.
ஆகவே அளவு பற்றி எனக்கு
ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை
என்றுதான் இருந்தேன்.

பலகைகள் ட்ரூப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தன.
ரூத்தன்ப்யூலர் அம்மாவின் களஞ்சியத்தில்
ஏழு வருடம் காற்றுக் குடித்துக் கிடந்த வால்நட்.
ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு.
புத்தகம்போல் விரித்துக் காட்டினார்:
நடுவில் வைரம், கடுங்கோப்பி நிறம்;
வெளியே வெளிறு, கஞ்சி நிறம்;
அதற்கும் வெளியே, ஒருவரும் கோடு கீறாத,
மரம் தானாகவே வந்து நின்றுகொண்ட ஓரம்.

"ஓரத்தை நேராக்கித் தரவா?" என்றார்.
வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தைப் பார்த்து
இருபது பிராங்க் கூட்டியிருப்பார்.

எங்கள் வீடு சரிவில் நிற்கிறது.
கீழே, சட்டப்படி, குண்டு விழுந்தால் ஒளிய ஓர் அறை:
தடித்த கொங்கிறீற், இரும்புக் கதவு,
கையால் சுழற்றும் காற்றுப் பம்பு.
"பங்கருக்கு வெள்ளை அடிச்சு வச்சிருக்கிறாங்கள்"
என்று வந்த புதிதில் தயாபரன் சிரிக்காமல் சொன்னான்.
இப்போது நான் இழைக்க, அவன் பம்பு சுற்றுகிறான்,
தூள் வெளியே போக.

பட்டையை மொட்டை உளியால் நெம்பினேன்.
அடியில் வண்டு ஓடிய வீதிகள்.
வெடிப்புக்குக் குறுக்கே பேரிமரத்தில்
மூன்று வண்ணத்துப்பூச்சி ஆப்பு.
நடுவில் நீலப் பிசின் ஆறு ஊற்றச் சொன்னாள் மகள்.
ஆரே ஓடுகிறது, பஸ்ஸில் பத்து நிமிடம்,
போய்ப் பார் என்றேன்.
இரண்டையும் ஒட்டிப் பதினொரு கவ்வி பூட்டினேன்.
இரவு இரண்டு மணிக்கு இறங்கி வந்து நின்றேன்,
காய்ந்ததா என்று பார்க்க அல்ல,
சும்மா.

படிக்கட்டு திரும்பும் இடத்தில் மேசை திரும்பாது;
அது முதலே தெரியும்.
அவசர வழி இருக்கிறது, நேரே தோட்டத்துக்கு.
அறுபதுக்கு எண்பது. குறுக்கே சாய்த்தால் நூறு.
மேசை தொண்ணூற்றி நான்கு.
தாளில் கணக்குப் போட்டு, தடிப்பையும் கழித்து,
பங்குனிச் சனிக்கிழமை பதினொன்றரைக்கு
அயல்வீட்டு ஸ்பிண்டன் கயிற்றோடு வர, தள்ளினோம்.

முக்கால்வாசி போனது.
ஆனை போன வாசலில் வால் நின்றது.

இடுப்பில் அளந்திருக்கிறேன்.
கிளை பிரிந்த இடத்தில் மரம் கொஞ்சம் பெருத்திருக்கிறது.
தொண்ணூற்றி ஏழு.
நேரில்லாத ஓரத்துக்கு ஒரே அகலம் இல்லை,
அதைக்கூட யோசிக்கவில்லை இந்தக் கண்.

"மூண்டு சென்ரிமீற்றர்தானே" என்றான் தயாபரன்.
ஸ்பிண்டன் அதற்குள் வட்டவாளோடு வந்துவிட்டார்.
அப்போது பன்னிரண்டு அடித்தது.
ஒன்றரை வரை இந்தத் தெருவில்
ஓர் இயந்திரமும் வாய் திறக்கக்கூடாது.
அந்தச் சட்டத்தை அன்றுதான் நேசித்தேன்.

வெளியே நீட்டிய பாதியில்
பாணும் சம்பலும் வைத்துச் சாப்பிட்டோம்.
ஸ்பிண்டன் உறைப்பில் தும்மி,
கண் தெரியாமல் கோப்பியை
எண்ணெய் காணாத பலகையில்,
சரியாக ஒட்டுக் கோட்டின்மேல் வைத்தார்.
எடுத்தபோது வட்டம்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று முப்பத்தொன்றுக்கு
மேசையை உள்ளே இழுக்கச் சொன்னேன்.
வாளை வாங்கினேன்.
ஓரத்தில் வைக்கவில்லை.
ஒட்டிய கோட்டிலேயே வைத்தேன்.

இரண்டும் வந்தபடியே தனித்தனியாக வெளியேறின.
மேலே, சோபாவை ஒதுக்கி, மறுபடி இழைத்து
மறுபடி ஒட்டினேன்.
வாளும் இழைப்புளியும் தின்றது ஆறு மில்லிமீற்றர்.
பல்லில் அது ஒரு பள்ளத்தாக்கு.

வருகிறவர்கள் ஓரத்தைத் தடவுகிறார்கள்.
நான் நடுவைப் பார்க்கிறேன்:
ரேகைகள் ஒன்றையொன்று கொஞ்சம் தவறவிடுகின்றன.
கோப்பிக் கறையைத் தேய்த்து எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.
இப்போது அது வட்டமும் இல்லை,
நெருங்கி வந்து முனை பொருந்தாத இரண்டு வளைவு.
ஒவ்வொரு முறையும் ஸ்பிண்டன்
கவனமாக அதன் மேலேயே கோப்பையை வைக்கிறார்.
கோப்பை
ஆறு மில்லிமீற்றர் அகலம் கூட.