இருபது முதல் இருபத்து நான்கு வரை

செய்முறை ஏடு, பதினோராம் பக்கம்.
நாகலூரில் நான் எண்ணிய அறுபத்திரண்டு வீடுகளைப்
பட்டை பட்டையாய் அடுக்கிக் கூம்பாக்க வேண்டும்.
ஆண் இடப்பக்கம், பெண் வலம்.

இருபது முதல் இருபத்து நான்கு வரை
குட்டையாகத்தான் வரும் என்றிருந்தேன்.
சேர்வராயண்ணன் இடுக்கியில் ஏலக்காய்க்குப் போய்விட்டான்,
மேல்வீட்டுப் பொன்னன் திருப்பூரில்,
சடையன் மகன் எங்கேயென்று சடையனுக்கே தெரியாது.

வரவில்லை.
எஸ்டேட் லைன் வீடுகளில்
ஜார்க்கண்டிலிருந்து காப்பி பறிக்க வந்தவர்கள்
அதே கட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள்.
வயசைக் கேட்டதற்குச் சுக்ரா
பத்து விரலையும் இரண்டு தரம் விரித்தான்,
அப்புறம் ஒன்று.
அண்ணனுக்கும் இருபத்தொன்று.

உந்து காரணி: கூலி.
ஈர்ப்புக் காரணி: கூலி.
'கூம்பு சீராக உள்ளது' என்று
சிவப்பில் எழுதிக் கொடுத்தார் டீச்சர்.

ராத்திரி போனில் அண்ணன்:
'நம்ம காட்ல இப்ப யாரு பழம் எடுக்கறா?'
சொன்னேன்.
'தமிழ் தெரியுமா அவனுக்கு?'

சாதிச் சான்றிதழில் மலையாளி,
மலையாளத்தில் தண்ணீர் கேட்கத் தெரியாமல்
முதல் வாரம் சைகையில் குடித்தவன்
கேட்கிறான்.