ஊடை அறுந்தால்

கணினி அறைக்குச் சாவி இருக்கிறது.
உள்ளே மேசைகள் இருக்கின்றன.
மேசைகளின் மேல் சத்துணவு அரிசி மூட்டை.
ஆகவே சோமனூர்ப் பக்கம் எங்கள் பள்ளியில்
ஆறாம் வகுப்பு தரையில்தான் நிரல் எழுதுகிறது.

யாரோ ஒரு பாப்பாவின் காதுகுத்து ஃப்ளெக்ஸைக்
கவிழ்த்து விரித்து
எட்டுக்கு எட்டாய்க் கட்டம் கீறியிருக்கிறோம்,
ஒரு கட்டத்துக்கு ஒரு ஆள் நிற்கலாம்.
வெயில் ஏறினால் பாப்பா
நாலாம் வரிசையில் மங்கலாய்ச் சிரிக்கும்.
கழற்றிப்போட்ட செருப்பெல்லாம் வேலி.
தண்ணீர் பாட்டில் கிணறு.
கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில்
கட்டளைகள்:
முன்னே இரண்டு. வலப்பக்கம் திரும்பு.
மறுபடியும். நில்.

இன்றைக்கு எந்திரம் கவினேஷ்.
எந்திரத்துக்கு யோசனை கிடையாது,
அட்டையில் இருப்பதைச் செய்யும்
என்று நான்தான் சொன்னேன்.
நம்பிவிட்டான்.

முன்னே இரண்டு, வலப்பக்கம், மறுபடியும்.
முன்னே இரண்டு, வலப்பக்கம், மறுபடியும்.
நடுவில் கிணறு சும்மா இருக்கிறது.
'டேய், கெணத்துக்குப் போடா'
என்று கத்துகிறது அவனுடைய அணியே.
காது அட்டையில் இல்லை.

சோற்று மணி அடித்துவிட்டது.
முட்டை வாசம் ஜன்னல் வரை வந்து நிற்கிறது,
அவன் நிற்கவில்லை.

நில் அட்டையைக் காணோம்.
பைகளைக் கொட்டித் தேடுகிறார்கள்,
ஃப்ளெக்ஸின் ஓரங்களைத் தூக்கித் தேடுகிறார்கள்.
(ஆடுகிற என் மேசையின் கால் அடியில்
நாலாய் மடிந்து கிடந்தது அது.
நேற்று வைத்தவள் நான்.
சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.)

பிரநிதா மட்டும் தேடவில்லை.
'தறி ஆரு சொல்லீங் டீச்சர் நிக்குது?
ஊடை அறுந்தா அதுவா நின்னுக்குமுங்.'
பாவு அறுந்தால்?
'நிக்காதுங். அதுக்கு அது தெரியாதுங்.
துணி பாழாப் போயிட்டே இருக்கும்.
எங்கம்மா ராவெல்லாம்
அதத்தான் பாத்துட்டு நிக்கறாங்க.'

எனக்கு ஒரு நிமிடம் பாடம் மறந்துபோனது.

அதற்குள் அவள்
சட்டை ஓரத்தில் ஒரு இழை உருவி,
இரண்டு பேர் முட்டிபோட்டு நுனி பிடிக்க,
கணுக்கால் உயரத்தில் கட்டத்துக்குக் குறுக்கே நீட்டி,
பென்சிலால் எழுதி
மறுபடியும் அட்டைக்கு முன்னால் செருகினாள்:
அறுந்தால் நில்.

வந்தான்.
இழை கணுக்காலில் பட்டது, கொஞ்சம் இழுபட்டது,
அறுந்தது.
வலது கால் அந்தரத்தில் இருக்க நின்றான்.
காலைக் கீழே வை என்று யாரும் எழுதவில்லை.
வகுப்பே உருண்டு சிரித்தது.
சிரிப்புக்கும் அட்டை இல்லை,
அவன் சிரிக்காமல் ஆடிக்கொண்டிருந்தான்.

ஆறேகால் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
ரோட்டின் இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள்.
அத்தனை சத்தத்தில் ஒரு தறி மட்டும்
சட்டென்று விட்டுப்போனது.
எண்ணத் தொடங்கினேன்.
பதினேழில்
நாடாவுக்குத் தார் மாற்றியிருப்பார்கள்,
மறுபடியும்.