மூன்று கம்ப இடைவெளி

விடிகாலை மூன்றே கால், மீஞ்சூர்.
வண்டி எபினேசர் சாருடையது. நான் ஆக்டிங் டிரைவர்.
இருபது லட்சம் வண்டி;
டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் சொல்கிறது,
ரப்பருக்கு ஏழு வயது.
காற்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

பெல்ட் கழுத்தை அறுக்கிறதாம்,
முதுகுக்குப் பின்னால் செருகிவிட்டார்.
நான் கிளப்பவில்லை.
கண்ணாடியில் அவர் பார்க்க, நானும் பார்க்க,
கடைசியில் ஒரு கிளிக்.

வெளிவட்டச் சாலை இந்நேரம் காலிதான்.
காலி என்பது
ஹெட்லைட் எட்டும் தூரத்துக்கு மட்டும்.
அதற்கப்பால் யூகம்.

நூறில் போனால்
நொடிக்கு ஒரு விளக்குக் கம்பம் கழியும்.
தும்மலுக்கு ஒன்று.
போனில் யாரென்று பார்க்க இரண்டு, சிலருக்கு ஐந்து.
முன்னால் போகும் கன்டெய்னருக்கும் எனக்கும் நடுவே
மூன்று கம்பம் விடுகிறேன்.

இந்த ஊரில் இடம் விட்டால்
அது பந்தியில் காலி இலை.
இடப்பக்கமாக வந்து ஒருவன் உட்கார்ந்துவிடுவான்.
திட்டுவதில்லை. காலை எடுக்கிறேன்.
மறுபடி மூன்று.
மறுபடி ஒருவன்.
மறுபடி.

"எல்லாரும் முந்துறாங்களேப்பா.
அஞ்சு நாப்பது ஃபிளைட், கொஞ்சம் அழுத்து."

நெமிலிச்சேரி தாண்டியாயிற்று.
மிச்சம் நாற்பது கிலோமீட்டர்.
நூற்றிருபதில் போனால் மிஞ்சுவது நாலு நிமிஷம்.
அதைக் குரோம்பேட்டை சிக்னல்
சில்லறையாக வாங்கிக்கொள்ளும்.
"சரி சார்" என்கிறேன்.
முள் நகரவில்லை.

பூந்தமல்லிக்கு அப்பால்
முன்னே போனவன் சட்டென்று ஒடித்தான்.
அவன் விலகிய இடத்தில்
விளக்கில்லாத ஒரு லாரி,
அதற்குப் பின்னால் பத்தடியில்
ஒடித்து வைத்த வேப்பங்கிளை.
இலைகள் இன்னும் பச்சை.

ஒரு கம்பம், கண் பார்த்தது.
இரண்டாவது, கால் கேட்டது.
மூன்றாவதுக்குள்
வண்டி நடைவேகத்துக்கு வந்திருந்தது.
சாரின் கை தானாக பெல்ட்டைத் தேடியது.

சுற்றிப் போய் ஓரம் கட்டினேன்.
டிக்கியில், பிளாஸ்டிக் பிரிக்காமல்
கம்பெனி கொடுத்த சிவப்பு முக்கோணம்.
"சார், நாலு நிமிஷம்."
அவர் எதுவும் சொல்லவில்லை.
தடுப்புக்கு வெளியே நடந்து,
வரும் வண்டிகளைப் பார்த்தபடி,
கிளையைத் தாண்டி நூறு தப்படி எண்ணி வைத்தேன்.
லாரிக்காரர் ஜாக்கியோடு குனிந்தவர்
நிமிர்ந்து ஒரு கும்பிடு.

ஃபிளைட் கிடைத்தது.
இறங்கும்போது சார் டயரை உதைத்துப் பார்த்தார்,
"ஏழு வருஷமா?" என்றார்.
அது என் வண்டி இல்லை.

திரும்பும்போது வெயில்.
எதிர்ப்பக்கம் லாரி இல்லை.
கிளை நசுங்கிக் கிடந்தது. முக்கோணம்
மீடியன் அரளிச் செடியில் செருகியிருந்தது,
யாருக்கோ.

பின்சீட்டில் ஆளில்லை.
இருந்தாலும் மூன்று கம்பம்.
ஒரு வெள்ளைக் கார் வந்து உட்கார்கிறது.

காலை எடுக்கிறேன்.