தோற்பதற்கு, தலைக்கு இரண்டாயிரம்

ஈஜிபுராவில் மூன்றாம் மாடி.
கரண்ட் போய் அரை மணி.
செல்போன் வெளிச்சத்தில் நான்தான் கணக்குப்பிள்ளை,
பரோட்டா சுற்றி வந்த தாளின் பின்பக்கம்.

கோவாவுக்கு ஸ்லீப்பர் பஸ், ஏ.சி. இல்லாதது.
வெள்ளி ராத்திரி ஏறினால்
ஒருநாள் வாடகை மிச்சம்.
ரூம் ஒன்று, ஆள் ஆறு.
அஸ்லம் குறட்டை விடுவான், அவனுக்கு பால்கனி.
கப்பல் டிக்கெட்டிலேயே சாப்பாடும் அடக்கம் என்றதும்
அன்றைக்கு மத்தியானம் யாரும் சாப்பிடக்கூடாதென்று
தீர்மானம் நிறைவேறியது.

அப்புறம் அந்த வரி.
'தோற்பதற்கு' என்று எழுதினேன்,
தலைக்கு இரண்டாயிரம்.
தருமனுக்கு இப்படி ஒரு வரி போட்டுத்தர
பக்கத்தில் ஆளில்லை, பாவம்.

"ஜெயிக்கிறதுக்கு?" என்றான் மாப்பிள்ளை லூர்துராஜ்.
இடமில்லை. மிச்சத் தாளெல்லாம் எண்ணெய்.

தயாபரன் மட்டும் ஜன்னலோரம்,
பாதியில் நிற்கும் பாலத்தைப் பார்த்தபடி.
வேலை போய் நாற்பது நாள்.
அவன் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியும்,
தெரியுமென்று அவனுக்குத் தெரியாது.
"நான் சும்மா வேடிக்கை பாக்கறேன்டா."

லூர்து பேனாவைப் பிடுங்கினான்.
"கல்யாணத்துக்கு முன்னாடி நான் தோத்தா
சகுனம் சரியில்ல.
என் ரெண்டாயிரத்த இவன் தோக்கட்டும்."

"ஜெயிச்சிட்டா?"
ஜன்னலிலிருந்து திரும்பாமல் கேட்டான்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.
ஃபேன் காற்றில் தாள் பறந்து
அஸ்லம் தட்டில் விழுந்தது.
சால்னாவில் அழிந்தது யார் பெயரென்று
இன்னும் தகராறு.