பதினாலு பேர்

யோகமலர் எடுத்த பேய்ப் படத்தில்
பேயாக நடித்தவன் நான்.
சம்பளம் முந்நூறு ரூபாய், இரண்டு பரோட்டா,
ஒரு ஜலதோஷம்.

சென்னையில் சினிமா படிக்கிறாள், மூன்றாம் வருஷம்.
கேமரா கொண்டுவரவில்லை.
"இங்க ஏற்கெனவே இருக்கிற கண்ணே போதும்" என்றாள்.
ரேஷன் கடைக் கண்.
யானை வந்தால் ஊளையிட
வனத்துறை நட்ட கம்பத்தின் கண்.
பெரட்டுக்களத்தில், முன்பு மணி தொங்கிய இடத்தில்,
முகம் பார்த்துப் பேர் போடும் கண்.
கிளார்க் எப்படி பாஸ்வேர்டு சொன்னார் என்று
என்னைக் கேட்காதீர்கள்.

எஸ்டேட்டில் பேர் என்றால் நாள்.
முழு வேலைக்கு முழுப் பேர்.
மழை வந்து நிறுத்தினால் அரைப் பேர்.

கதை சின்னது.
ஞாயிறு இரவு, சேரம்பாடி, மூடுபனி.
ஒருவன் வந்து மெஷின் முன்னால் நிற்கிறான்.
மெஷினுக்கு அவனைத் தெரியவில்லை.
அவ்வளவுதான்.
ரத்தம் கிடையாது, வயலின் கிடையாது.
"தெரியலைன்னு சொல்றதுதான் பயம்" என்றாள்.

மைதா பூசினாள். நின்றேன்.
பச்சைக் கட்டம் விழுந்தது.
"நன்றி, பவுன்ராஜ்."
கண்ணைச் சுற்றித் தேயிலைத் தூளை அப்பினாள்.
"நன்றி, பவுன்ராஜ்."
சாக்கை முக்காடிட்டு, நாக்கைத் துருத்தி,
குனிந்து, சாய்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி
எப்படி நின்றாலும்
அந்தப் பெண்குரல் சலிக்கவேயில்லை.

கொழுந்து நிறுக்கிறவர் நாலு வருஷமாக என்னை
"ஏய், மூணாம் லயத்தான்" என்றுதான் கூப்பிடுகிறார்.
ஒரு தகரப் பெட்டிக்கு
என்னை இவ்வளவு தெரிந்திருந்தது
கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.
பொய் சொல்வானேன்.

பதினாலாவது தடவைக்குப் பிறகு
தள்ளி உட்காரச் சொன்னாள்.
வெறும் பனியையாவது பிடிக்கலாம்.
பனி ஓடையிலிருந்து ஏறி வந்தது,
நிறுவைக் கொட்டகையைச் சுற்றியது,
மெஷின் உயரத்துக்கு
எழுந்து நின்றது.

பச்சைக் கட்டம் விழுந்தது.
"நன்றி, தவக்கிளி."

தவக்கிளியக்கா ஆனியில் செத்துப்போனவர்.
பதினேழாம் நம்பர் மலையில், முதுகில் மூட்டையோடு.
யானை இல்லை. நெஞ்சு.
பேரை நீக்க ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும்.
யாருக்கும் தோன்றவில்லை.

"சாஃப்ட்வேர் தப்பு" என்றேன்.
"ஆமாம்" என்றாள்.
தப்பு என்று தெரிந்த இரண்டு பேரும்
லயம் வரைக்கும் ஓடினோம்.

திங்கள் காலை ஃபீல்டு ஆபீசர் கேட்டார்:
"ஞாயித்துக்கிழமை பதினாலு பேர் போட்டிருக்கு.
எந்தப் பவுன்ராஜுக்குடா கூலி?"
ஒருவனுக்கும் இல்லை. பதினாலையும் அழித்தார்கள்.
அதற்கு அடுத்த வரியை
யாரும் பார்க்கவில்லை.

படம் ஒன்பது நிமிஷம்.
அந்தப் பனியை அவள் அதில் சேர்க்கவில்லை.
"அது யாரும் நடிச்சது இல்லையே" என்றாள்.
கல்லூரியில் பார்த்துவிட்டு
பேய் எங்கே என்று கேட்டார்களாம்.
எல்லா முகத்தையும் தெரிந்துவைத்திருக்கிற ஒன்றைத்தான்
ஒன்பது நிமிஷமும் காட்டினேன் என்றாளாம்.
மார்க் குறைந்துவிட்டது.

மாசக் கடைசியில்
அக்காவின் மகள் வீட்டுப்பாடம் பார்க்கிற போனில்
டிங்.
தங்கள் கணக்கில் ஒரு நாள் கூலி வரவு.
மறு நிமிஷம் இன்னொரு டிங்.
குறைந்தபட்ச இருப்பு இல்லாததால்
அபராதம் பற்று.

அந்தப் பெண் இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.
நேற்று குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு
என்னிடம் வந்து, மெதுவாக,
யாருக்கும் கேட்காமல் கேட்டாள்:

"அண்ணே, படம்
அடுத்த ஞாயித்துக்கிழமையும் எடுப்பீங்களா?"