நாலு மூட்டை

தனட்பினில் மின்சாரம் நாலு மணிக்கு என்றார்கள்.
நாலு பத்துக்கு வந்தது.
கூடவே சிக்னலும்,
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
ரங்கூன் தரகன் அருளப்பனின் குரலும்:
"டில்லியில் கையெழுத்தாகிவிட்டது, அக்கா.
உளுந்துக்குக் கதவு திறப்பு, மார்ச் முடிய.
ராத்திரிக்குள் விலை எங்கே போய் நிற்குமோ
பயின்னவுங் சந்தையில் ஒருவருக்கும் தெரியாது.
வாங்கு. வாயைத் திறக்காமல் வாங்கு."

தராசுக்கு அந்தப் பக்கம் கோ தெய்ன் சோ.
வண்டியில் இருபத்தாறு மூட்டை.
அவர் கிராமத்திலிருந்து இங்கே வர மூன்று தடுப்பு.
முதலாவதில் பணம், இரண்டாவதில் பணம்,
மூன்றாவதில் மீசை முளைக்காத பையன்கள்,
ஒரு மூட்டையையே இறக்கிக்கொண்டார்களாம்.
இருபத்தேழு என்றிருந்த சீட்டில்
ஏழை அடித்து
ஆறாக்கியிருந்தார் அவரே.

நான் இந்தியாவைப் பார்த்ததில்லை.
என் கிட்டங்கி உளுந்து பார்த்திருக்கிறது.
சென்னைத் துறைமுகத்தில் இறங்கி
ஊறி, அரைபட்டு, புளித்து
யாரோ ஒருவர் பஸ் பிடிக்கும் அவசரத்தில்
பாதி தின்று எழுந்த இட்லியாகிறது.
இங்கே அதை யார் தின்கிறார்கள்,
எங்கள் வீடுகளைத் தவிர?

அங்கே இட்லி விலை ஏறினால்
ஓட்டுக் கேட்பவருக்குத் தூக்கம் வராது.
இறங்கினால் அவர்களுடைய சம்சாரி
சாலையில் உட்கார்ந்துவிடுவான்.
இரண்டுக்கும் பயந்து
ஒரு காகிதத்தில் ஒரு வரியை மாற்றுகிறார்கள்.
அந்த வரிக்குக் கப்பல் வேண்டாம்.
மூன்று விநாடி.

போன தடவை வந்தது மூடுகிற வரி.
அன்றும் இதே மனிதர், இதே தராசு.
எடுக்க மாட்டேன் என்றேன்.
மழையில் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்.
மாட்டுக்குப் போட்டதாகக் கேள்வி.
அந்த வருஷம்தான் அவருடைய மூத்தவன்
தாய்லாந்துப் பக்கம் மீன் உரிக்கப் போனான்.
டில்லிக்கு அவன் பெயர் தெரியாது.
நேப்பிடாவுக்குத் தெரியும்,
பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில்.

எடை போடு என்றேன்.
ஒன்று, முப்பது வீசை.
இரண்டு, இருபத்தொன்பதரை.
மூன்று.
வீசையைத் தமிழ்நாட்டில் மறந்துவிட்டார்களாம்.
இங்கே சந்தை முழுக்க அதில்தான் நிறுக்கிறது.
எங்கள் சொல் என்று எனக்கொரு அற்ப கர்வம் உண்டு,
இன்று அது தொண்டையில் மாட்டியது.

நாலாவது மூட்டை கொக்கியில் ஆடும்போது சொன்னேன்.
நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம்.
கணக்குப்பிள்ளை சஞ்சீவி
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டில்லி திறந்துவிட்டது. விடிந்தால் விலை ஏறும்.
மீதியைக் கொண்டுபோகிறீரா?"

கோ தெய்ன் சோ வெற்றிலையைத் துப்பினார்.
வண்டிச் சக்கரத்தை ஒருமுறை உதைத்துப் பார்த்தார்.
"போக மூன்று தடுப்பு, திரும்பி வர மூன்று.
அதற்குள் டாலருக்கு எங்கள் ஆட்கள்
வேறு விலை சொல்வார்கள்.
உன் ஆள் வேறு காகிதம் எழுதுவான்."

என் ஆள்.
பர்மியப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று,
அடையாள அட்டையின் நிறம் மாற
ஆறு தரம் பெகுவுக்கு நடந்த எனக்கு
டில்லியில் ஓர் ஆள்.

"இப்போதைய விலைக்கு மேல் கொஞ்சம் ஏற்றிப் போடு,
ராத்திரிக்கு முன் வீடு போகணும்."

ஏற்றிப் போட்டேன்,
இருபத்திரண்டு மூட்டைக்கு.
முதல் நாலும் பேரேட்டில்
பழைய விலையில்தான் ஏறியிருக்கின்றன.
அவர் கேட்கவில்லை.
சஞ்சீவி பேனாவை மூடாமல் சற்று நேரம் வைத்திருந்தான்.

சாக்குகளில் கப்பல் முத்திரை குத்தும்போது
மின்சாரம் போயிற்று.
மெழுகுவர்த்தி தேட எழுந்தான்.
வேண்டாம், இரு
என்றேன்.